இறைச்சி குறைந்த வீட்டில் பிறந்த ட்ரே

பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன நோன்புக்கு இரண்டு மாதம் முந்தி எங்கள் வாப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொல்லி ஒரு துண்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவருக்குத் தனிப் பீங்கான். அவித்த போஞ்சி, அவித்த மீன், உப்பில்லாச் சோறு. மனுஷன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவுதான் எங்கள் வீட்டில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் நாள். அன்றைக்குத் தங்கச்சி ஒவனில் சுட்ட மக்கரோனி ட்ரேயைக் கொண்டு வந்து நடுவில் வைப்பாள். அரைத்த இறைச்சி, வெள்ளை சோஸ், மேலே பொன்னிறமாக உருகிய சீஸ். எல்லோரும் அதைச் சுற்றி இருக்க, வாப்பா மட்டும் தன் பீங்கானைக் கையில் எடுத்துக்கொண்டு முன் விறாந்தைக்குப் போய்விடுவார். இரண்டு வெள்ளிக்கிழமை இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வெள்ளிக்கிழமை வீட்டில் வாக்குவாதம் வந்துவிட்டது.

“இந்தப் பணக்காரச் சாப்பாட்டை இனி என்ட வீட்டுக்க கொண்டு வராத” என்றார் உம்மா. “லைட்டாச் செய்யலாம் உம்மா, போன்ல எத்தனையோ முறை இருக்கு” என்றாள் தங்கச்சி. மச்சான் சிரித்தார். “கொழுப்பை எடுத்தா அது அந்தச் சாப்பாடே இல்ல. பேசாம பருப்புக் கறியே ஆக்குங்க.”

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்தவர் ஒரு பழக்கத்தைப் பழக்கிவிட்டார். எந்தப் பொருளையும் ‘இது எப்போதும் இப்படித்தான் இருந்தது’ என்று யாராவது சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும். ஆகவே உம்மாவிடமும் மச்சானிடமும் அதைத்தான் கேட்டோம். இது பணக்காரச் சாப்பாடு என்று யார் சொன்னது? கொழுப்புத்தான் அதன் உயிர் என்று யார் சொன்னது? பிறகு இரண்டு மூன்று கிழமை, பாடக்குறிப்பு எழுதி முடித்த இரவுகளில் தேடி வாசித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்த ட்ரேயின் ஊர் அமெரிக்காவின் வடக்கு நடுப்பகுதி. மினசோட்டா மாநிலம், அதைச் சுற்றியுள்ள கோதுமை நாடு. சுவீடன், நோர்வே, ஜெர்மனி நாடுகளிலிருந்து போய்க் குடியேறிய கமக்காரர்களின் பூமி. மற்ற இடங்களில் ‘கெசரோல்’ என்று சொல்வதை அங்கே இன்றும் ‘ஹொட் டிஷ்’ என்றுதான் சொல்வார்கள். சூடான சாப்பாடு, அவ்வளவுதான். பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே குளிரும் ஊரில் அந்தப் பெயருக்கு மேல் என்ன பெயர் வேண்டும்?

அந்தப் பெயரோடு அச்சில் வந்தவற்றில், இதுவரை தெரிந்த மிகப் பழைய செய்முறை 1930ஆம் ஆண்டுக்குரியது. மன்காட்டோ என்ற ஊரின் லூதரன் தேவாலயப் பெண்கள் சங்கம் போட்ட சமையல் புத்தகத்தில் இருக்கிறது. நம்மூரில் பெண்கள் மத்ரஸாவுக்குக் காசு சேர்க்கச் சாப்பாட்டுச் சந்தை வைப்பது போல, அவர்கள் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதில் உள்ள சாமான்களைப் பாருங்கள்: அரைத்த மாட்டிறைச்சி, வெங்காயம், செலறி, டின் பட்டாணி, டின் தக்காளி சூப், மக்கரோனி. எல்லாவற்றையும் கலந்து சுட வேண்டும். இவ்வளவுதான். சீஸ் இல்லை, கிறீம் இல்லை, பட்டர் சோஸ் இல்லை.

வருடத்தைக் கவனியுங்கள். 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை விழுந்தது. அடுத்த வருடமே இந்தப் புத்தகம். வேலை போன நாடு, விளைச்சலுக்கு விலையில்லாத கமக்காரன். கொஞ்ச இறைச்சியை வைத்துக்கொண்டு மேசை நிறைய ஆட்களுக்குப் போட வேண்டும். இறைச்சியைத் துண்டு துண்டாக வைத்தால் யாருக்கு எத்தனை துண்டு என்று எண்ண வேண்டி வரும். அரைத்து மக்கரோனியோடு கலந்துவிட்டால் எண்ணிக்கை இல்லை, எல்லோருக்கும் எல்லாம். இதை வாசித்தபோது எங்களுக்கு உம்மம்மாவின் ஞாபகம்தான் வந்தது. அரைக் கிலோ இறைச்சிக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு போட்டு ஆணம் ஆக்கி, பன்னிரண்டு பேருக்குப் பரிமாறியவர் அவர்.

மக்கரோனி ஏன் அங்கே மலிவு? இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. மக்கரோனிக்கு ஏற்றது டூரம் என்ற கடினமான கோதுமை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் மார்க் கார்ல்டன் என்பவர் ரஷ்யாவுக்குப் போய், 19ஆம் நூற்றாண்டு முடியும் நேரத்தில் அந்த விதையைக் கொண்டு வந்தார். வட டகோட்டாவின் வறண்ட நிலத்தில் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. பக்கத்திலே மினியாபொலிஸ் நகரம், அன்றைக்கு அமெரிக்காவின் மா ஆலைத் தலைநகரம். முதலாம் உலகப் போரில் இத்தாலியிலிருந்து வந்த மக்கரோனி நின்றுபோக, உள்ளூர் ஆலைகள் பெருகின. அதே போர்க்காலத்தில், 1917இல், அமெரிக்க உணவு நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஹேர்பர்ட் ஹூவர், இறைச்சி இல்லாத நாள், கோதுமை இல்லாத நாள் என்று கிழமையில் நாள் குறித்துக் கொடுத்தார். அந்தத் தலைமுறைப் பெண்கள் சிக்கனத்தைப் போரிலேயே படித்துவிட்டார்கள்.

பாத்திரமும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். 1913இல் நியூயோர்க் மாநிலத்தின் கோர்னிங் கண்ணாடி ஆலையில் வேலை செய்த ஒரு விஞ்ஞானியின் மனைவி பெசி லிட்டில்டன். வீட்டுச் சட்டி உடைந்துவிட்டது, ஆலையிலிருந்து ஏதாவது கொண்டு வாருங்கள் என்று கணவரைக் கேட்டார். அவர் பற்றரிக்குச் செய்த கண்ணாடிச் சாடியின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டு வந்து கொடுத்தார். அதில் அந்தப் பெண் கேக் சுட்டுக் காட்டினார். இரண்டு வருடத்தில், 1915இல், பைரெக்ஸ் கடைக்கு வந்தது. இன்றைக்கு நம் கல்யாண வீட்டுப் பரிசுகளில் மூன்றில் ஒன்று பைரெக்ஸ்தான் (எங்கள் வீட்டு அலுமாரியில் பெட்டி திறக்காத நான்கு இருக்கின்றன, யாருக்கும் வேண்டுமா?). அடுப்பில் சுட்ட பாத்திரத்தையே மேசைக்குக் கொண்டு போகலாம் என்ற வழக்கம் இதனால் பரவியது. வேலைக்காரர் வைக்க வசதியில்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி.

அப்படியானால் கொழுப்பு எப்போது உள்ளே வந்தது?

1934இல் கெம்பல் நிறுவனம் காளான் கிறீம் சூப்பை டின்னில் போட்டு விற்கத் தொடங்கியது. சுருக்கிய சூப்பை டின்னில் அடைக்கும் முறையை அதே நிறுவனத்தின் ஜோன் டொரன்ஸ் 1897இலேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் கிறீம் சூப் வந்த பிறகுதான் வீட்டுப் பெண்கள் அதைச் சூப்பாகக் குடிப்பதை விட்டு சோஸாக ஊற்றத் தொடங்கினார்கள். மா வறுத்து, பால் ஊற்றி, கட்டி படாமல் கிண்டும் வேலை மிச்சம். மினசோட்டாக்காரர் அதைப் பகிடியாக ‘லூதரன் பசை’ என்று சொல்வார்கள். ட்ரேயில் உள்ள எல்லாவற்றையும் ஒட்ட வைப்பது அதுதானே.

இடையில் இரண்டாம் உலகப் போர். 1943 மார்ச்சில் அமெரிக்காவில் டின் சாமானுக்கும் இறைச்சிக்கும் கூப்பன் வந்தது. இறைச்சிக்குச் சிவப்புப் புள்ளி, டின்னுக்கு நீலப் புள்ளி. ட்ரே மறுபடியும் மெலிந்தது. போர் முடிந்து கூப்பன் போனதும் நிலைமை தலைகீழாக மாறியது. வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி, மலிந்த இறைச்சி, மலிந்த பால். முன்பு இல்லாமையால் கலந்தவர்கள் இப்போது இருப்பதால் கலந்தார்கள். ஒரு டின் சூப் இரண்டானது. புளித்த கிறீம் வந்தது. சீஸ் ஒரு மெல்லிய தூவலிலிருந்து ஒரு போர்வையாக மாறியது. மச்சான் ‘அசல்’ என்று நினைக்கும் ட்ரே இந்தக் காலத்து ட்ரேதான்.

1955 ஒரு முக்கியமான வருடம். கெம்பல் நிறுவனத்தின் சமையல் கூடத்தில் டோர்காஸ் ரெய்லி என்ற பெண், காளான் சூப்பை ஊற்றிச் சுட்ட போஞ்சி ட்ரேயை உருவாக்கிய வருடம் அது. அதே வருடம் செப்டெம்பரில் ஜனாதிபதி ஐசன்ஹவர் டென்வர் நகரில் கோல்ஃப் விளையாடப் போனார். பகலுக்கு ஹம்பேர்கரும் பச்சை வெங்காயமும் சாப்பிட்டார். வயிற்றில் ஏதோ செய்வதாகச் சொன்னவருக்கு அன்றிரவு வந்தது மாரடைப்பு. நாட்டுத் தலைவருக்கே நெஞ்சுவலி என்றதும் மாரடைப்பு பற்றிய பேச்சு ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. அதற்கு ஏழு வருடம் முந்தியே, 1948இல், மசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் இருதய நோய் பற்றிய நீண்ட ஆய்வு தொடங்கியிருந்தது. பிரஷரையும் கொலஸ்ட்ரோலையும் மாரடைப்போடு சேர்த்துப் பேச டொக்டர்களுக்குப் பழக்கியது பெரும்பாலும் அந்த ஆய்வுதான். வாப்பாவுக்கு எழுதித் தந்த துண்டின் வேர் அந்த ஊர் வரைக்கும் போகிறது.

பிறகு 1970களில் விலை ஏறியது. 1971இல் ‘ஹம்பேர்கர் ஹெல்ப்பர்’ என்ற பெட்டி நாடெங்கும் விற்பனைக்கு வந்தது. ஒரு றாத்தல் அரைத்த இறைச்சியை ஒரு குடும்பத்துக்குப் போதுமாக்குவது அதன் வேலை. 1973 ஏப்ரல் முதல் கிழமை அமெரிக்கக் குடும்பப் பெண்கள் இறைச்சி வாங்குவதையே நிறுத்திப் போராட்டம் செய்தார்கள். 1977இல் செனட்டர் மக்கவர்ன் தலைமையிலான குழு, கொழுப்பைக் குறைக்கும்படி அமெரிக்கர்களுக்கு அறிக்கை வெளியிட்டது. ‘லைட்’ என்ற சொல் பெட்டிகளில் பெருகியது. எது லைட் என்று கேட்க ஆளில்லாமல் இருந்து, 1993இல்தான் அரசாங்கம் விதி போட்டது: பொதுவாக, ஒப்பிடும் சாமானை விடக் கொழுப்பு பாதியாகவோ, கலோரி மூன்றில் ஒரு பங்காவது குறைந்தோ இருந்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம். ‘ஹம்பேர்கர்’ என்று விற்கும் அரைத்த இறைச்சியில் நூற்றுக்கு முப்பது வரை கொழுப்பு இருக்கலாம் என்பதும் அவர்களின் சட்டம்தான். முப்பது! இதை வாசித்த நாளிலிருந்து, முன்கூட்டியே அரைத்து வைத்த இறைச்சியை நாங்கள் எங்கேயும் வாங்குவதில்லை.

சரி, இது நம்மிடம் எப்படி வந்தது? சமையல் முறை போனில் வந்தது உண்மை. ஆனால் மா அதற்கு முந்தியே வந்துவிட்டது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அரிசிக்குப் பதிலாகக் கூப்பனில் கோதுமை மாவும் வந்தது. அதுவரை பட்டணத்துச் சாப்பாடாக இருந்த பாண் கிராமத்துக்கும் போனது. 1954இல் அமெரிக்கா தன் மிச்சக் கோதுமையை வெளிநாடுகளுக்கு மலிவாகக் கொடுக்கச் சட்டம் கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டவர் அதே ஐசன்ஹவர்தான். அந்தச் சட்டத்தின் கீழ் பின்னர் இலங்கைக்கும் கோதுமை வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியது. நம் உம்மாமார் அரிசிமாவை விட்டுக் கோதுமை மாவில் இடியப்பம் பிழியப் பழகியதும், பிள்ளைகள் நூடில்ஸுக்குப் பழகியதும் இந்தப் பாதையில்தான். ஆகவே தங்கச்சியின் ட்ரே திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை.

இதையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு உம்மாவிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தவர், “அப்ப இது ஏழைச் சாப்பாடுதானே. ஏழை மாதிரியே ஆக்குங்க” என்றார்.

ஆக்கினோம். முதல் முறை சரிவரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோஸைக் குறைத்தால் லைட் என்று நினைத்துக் குறைத்தோம். மக்கரோனி ஒவனுக்குள் எல்லா ஈரத்தையும் குடித்துவிட்டு வைக்கோல் மாதிரி வந்தது. இரண்டாம் முறை மரக்கறியை வதக்காமல் போட்டோம், ட்ரேயின் அடியில் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் தொடவில்லை. மச்சான் ஒன்றும் சொல்லாமல் பருப்புக் கறி கேட்டார். மூன்றாம் முறைதான் வழி பிடிபட்டது.

எட்டுப் பேருக்கு எங்கள் கணக்கு இது. தொடை இறைச்சி 400 கிராம், கொழுப்பை வெட்டி எடுக்கச் சொல்லி, கண்ணுக்கு முன்னால் அரைத்து வாங்குவது. எண்ணெய் விடாமல் தாச்சியில் வறுக்க வேண்டும். முதலில் தண்ணீர் விடும், அது வற்றிய பிறகு கொழுப்புக் கசியும். அந்த நேரம் வடிதட்டில் கொட்டி வடித்துவிட வேண்டும். பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், பழுத்த தக்காளி நான்கு. துருவிய கரட், லீக்ஸ், கிடைத்தால் பொடியாக வெட்டிய காளான், எல்லாம் அரைக் கிலோவுக்குக் குறையாமல், தண்ணீர் வற்றும் வரை வதக்க வேண்டும். இனி உம்மா சேர்த்தது: அரைக் கோப்பை மைசூர்ப் பருப்பை அவித்து மசித்து இறைச்சியோடு கலப்பது. பருப்பு இறைச்சிக்குள் கரைந்து, இருப்பதே தெரியாது. மச்சான் கேட்ட பருப்பு இப்படித்தான் உள்ளே போனது, அவருக்கு இன்னும் தெரியாது (இந்தப் பதிவை வாசித்தால் தெரியும்).

மக்கரோனி 300 கிராம், முக்கால் பதத்தில் இறக்க வேண்டும். சோஸுக்குப் பட்டர் தேவையில்லை. கொழுப்புக் குறைந்த பால் அரை லீற்றர், ஆறியபடியே இருக்கும்போது இரண்டரை மேசைக்கரண்டி மாவைப் போட்டு, மூடியுள்ள போத்தலில் நன்றாகக் குலுக்கி அடுப்பில் வைத்துக் கிண்டினால் கட்டி படாமல் தடிக்கும். மிளகும் சாதிக்காயும் போதும். உப்பு அரைத் தேக்கரண்டி, சூப் கட்டி வேண்டாம். ஒரு ஆளுக்கு நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதை ஒரு கட்டியிலேயே கரைத்துவிடக் கூடாது. சீஸ் 60 கிராம்தான், ஆனால் மெல்லியதாகத் துருவி, காய்ந்த பாண் தூள் ஒரு கைப்பிடியோடு கலந்து மேலே தூவினால் ட்ரே முழுக்கப் பரவும், மொறுமொறுப்பும் வரும். 180 பாகையில் 25 நிமிடம். எடுத்த உடனே வெட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள்.

கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பழைய ட்ரேயில் ஒரு கிலோ இறைச்சியில் ஏறத்தாழ 200 கிராம் கொழுப்பு, 200 கிராம் சீஸில் 66, 100 கிராம் மாஜரினில் 80. மொத்தம் 346. எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 43 கிராம். புதிய ட்ரேயில் இறைச்சி 28, சீஸ் 20, எண்ணெய் 14, பால் 8. மொத்தம் 70, ஆளுக்கு ஒன்பதுக்குள். அமெரிக்கச் சட்டப்படியே ‘லைட்’ என்று எழுதி ஒட்டலாம். ஒன்று மட்டும்: சீனி வருத்தம் உள்ளவர்கள் கொழுப்புக் குறைந்ததென்று மக்கரோனியை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். மா மாதான். கிளினிக்கில் சொன்ன அளவுக்குள் நில்லுங்கள். எங்கள் வாப்பாவுக்கும் நாங்கள் முதலில் டொக்டரிடம் சாமான் விவரத்தைக் காட்டிக் கேட்ட பிறகுதான் கொடுத்தோம். ஒரு துண்டு, பக்கத்தில் நிறைய சலாது, கிழமையில் ஒரு நாள் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ட்ரேயை நடுவில் வைத்தோம். வாப்பா வழக்கம்போலத் தன் பீங்கானை எடுத்துக்கொண்டு எழும்பினார். சின்ன மகள் அவருடைய சாரத்தைப் பிடித்து, “அப்பா, இது உங்களுக்கும்தான்” என்றாள். அவர் டொக்டரின் துண்டு இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார், உம்மாவை ஒரு தரம் பார்த்தார், பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார்.

ஒரு துண்டு முடிந்ததும் கேட்டார்: “பச்சை மிளகாய் இன்னும் ரெண்டு போட்டா என்ன? அதையுமா டொக்டர் வேணாண்டு சொன்னார்?”